கடலுக்கு அடியில் வாயு: கிணறு போடலாமா, விட்டுவிடலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததாகவும், அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னதாகவும் 2025-ல் செய்தி வந்தது. அதிலிருந்து இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அவை நிலத்தில் போட நினைத்த கிணறுகள். கடற்கரைக்காரர்கள் கேட்பதோ கடலைப் பற்றி. நான் 31 வருடம் எண்ணெய், வாயு தேடும் வேலையில் புவி இயற்பியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது கீழக்கரைக்குப் பக்கத்தில். இந்த இதழ் முழுவதையும் இந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணே, கப்பல்ல வந்து சர்வே எடுத்துட்டாலே அடியில கேஸ் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல? அப்புறம் ஏன் ‘இருக்கலாம், இருக்கலாம்’னே சொல்றாங்க? எதையோ மறைக்கிறாங்களா?
— நாட்டுப்படகு மீனவர், மூக்கையூர்

தெரியாது தம்பி. மறைப்பதற்கு முன்னால் அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். கிணறு போடும்வரை யாருக்கும் தெரியாது.

சர்வே கப்பல் செய்வது சத்தம் கொடுத்து எதிரொலி கேட்கும் வேலை. அமுக்கிவைத்த காற்றைப் பத்து வினாடிக்கு ஒருமுறை தண்ணீருக்குள் படாரென்று விடுவார்கள். அந்த அதிர்வு கடல்தரைக்குள் இறங்கி, ஒவ்வொரு பாறை அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். கப்பலுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் இழுபடும் கேபிளில் அதைக் கேட்கும் கருவிகள் இருக்கும். பாக் நீரிணை மாதிரி ஆழமில்லாத இடத்தில் கேபிளைத் தரையிலேயே பரப்பிவைப்பார்கள். மாதக்கணக்கில் கணினி ஓடிய பிறகு, பூமியை நெடுக்காக வெட்டி வைத்த மாதிரி ஒரு படம் வரும்.

அந்தப் படத்தில் மணற்கல்லுக்குள் வாயு இருந்தால் எதிரொலி பளிச்சென்று தெரியும். தண்ணீர் நிறைந்த மணற்கல்லை விட வாயு நிறைந்த மணற்கல்லில் அதிர்வு மெதுவாகப் போகும். அதனால்தான் அந்தப் பளிச்சு. இங்கேதான் சிக்கல். அந்த மணற்கல்லின் துளைகளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வாயு இருந்தாலும் பளிச்சென்றுதான் தெரியும், எழுபது பங்கு இருந்தாலும் ஏறக்குறைய அதே பளிச்சுதான். எழுபது பங்கு இருந்தால் ஊருக்கு விளக்கு எரியும். பத்துப் பங்கு என்றால் தண்ணீர்தான் வரும். படத்தில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம்.

இது நம் ஊருக்குப் புதிய விஷயமில்லை. முத்துச்சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, எப்படி நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தூத்துக்குடியில் 1961-ல் நடந்ததுதான் கடைசிச் சிலாபம். என் தாத்தா அதில் குளித்தவர். எந்த வருடம் சிலாபம் நடத்துவது என்பதை யாரும் கரையில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. முதலில் பார்களில், அதாவது சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளில், ஆள் இறக்கி, சிப்பி எவ்வளவு அடர்த்தியாகக் கிடக்கிறது, என்ன வயது என்று பார்ப்பார்கள். பிறகு மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பி எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தைச் சல்லடையில் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் என்று வியாபாரிகளை வைத்து மதிப்புப் போடுவார்கள். அந்த மதிப்பு செலவுக்குக் கட்டினால்தான் சிலாபம். கட்டாவிட்டால் பார் முழுக்கச் சிப்பி கிடந்தாலும் அந்த வருடம் கடலை விட்டுவிடுவார்கள். ஆய்வுக் கிணறு என்பது அந்த மாதிரிச் சிப்பிதான். ஒரு வித்தியாசம்: மாதிரிச் சிப்பிக்குச் சில படகும் சில நாளும் போதும். இங்கே மாதிரி எடுப்பதற்கே நூற்றுக்கணக்கான கோடி ஆகும்.

கேள்வி: புவியியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிணறு போடுவதா வேண்டாமா என்பதை ஒரு நிறுவனம் எந்தக் கணக்கில் முடிவு செய்கிறது? வகுப்பில் பாறைகளைச் சொல்லித் தருகிறார்கள், முடிவெடுப்பதைச் சொல்லித் தரவில்லை.
— மாணவர், பரமக்குடி

நல்ல கேள்வி. இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் நம் மண். இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்து பிரிய ஆரம்பித்தபோது, இந்தக் கரையோரம் நெடுகப் பூமி பிளந்து, வடகிழக்கு தென்மேற்காகப் பள்ளமும் மேடுமாக இறங்கியது. அந்தப் பள்ளங்களில் கோடிக்கணக்கான வருடம் மணலும் களிமண்ணும் படிந்தன. இதைத்தான் காவிரிப் படுகை என்கிறோம். அதன் தென்பக்கத் துண்டு ராமநாதபுரமும் பாக் விரிகுடாவும். காஞ்சிரங்குடி, பெரியபட்டினம், பெருங்குளம் பக்கம் நிலத்தில் வாயு எடுக்கிறார்கள். வழுதூர் மின்நிலையம் அந்த வாயுவில் ஓடத்தான் கட்டப்பட்டது. ஆகவே ‘இந்தப் படுகையில் வாயு உண்டாகியதா’ என்ற கேள்விக்குப் பதில் நம்மிடம் இருக்கிறது. மீதிக் கேள்விகள்தான் பாக்கி.

கடலில் ஓர் இடத்தைப் பார்த்தால் நான்கு கேள்வி கேட்போம். வாயுவைப் பெற்ற தாய்ப்பாறை அருகில் இருக்கிறதா, அங்கிருந்து இங்கே வந்து சேர வழி இருந்ததா? வந்த வாயு தங்குவதற்குத் துளையுள்ள மணற்கல் இருக்கிறதா? அது மேடாக வளைந்தோ பிளவில் முட்டியோ வாயுவைப் பிடித்து நிறுத்துகிறதா? மேலேயும் பக்கத்திலும் கசியாத மூடி இருக்கிறதா? நான்கும் இருந்தால்தான் வாயு. ஒன்று பொய்த்தாலும் வெறுங்கிணறு. அதனால் ஒவ்வொன்றின் வாய்ப்பையும் பெருக்குவோம், கூட்டமாட்டோம்.

ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன். எண்கள் நான் வைத்தவை, எந்த இடத்துக்கும் உரியவை அல்ல. தாய்ப்பாறை 0.9, மணற்கல் 0.6, வளைவு 0.7, மூடி 0.5. பெருக்கினால் 0.19. நூற்றுக்குப் பத்தொன்பது. தனித்தனியாகப் பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது இல்லையா? பெருக்கியதும் ஐந்தில் ஒன்று ஆகிவிட்டது.

அடுத்து, இருந்தால் எவ்வளவு இருக்கும்? பரப்பு 12 சதுர கிலோமீட்டர், வாயு நிற்கும் மணற்கல்லின் கனம் 15 மீட்டர், துளை 18 சதவீதம், துளையில் வாயு 65 சதவீதம். அடியில் அழுத்தத்தில் இருக்கும் வாயு மேலே வந்தால் 220 மடங்கு விரியும் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 70 எடுக்க முடியும். பெருக்கிப் பாருங்கள், சுமார் 324 கோடி கன மீட்டர் வரும். வழுதூர் அளவில், அதாவது 187 மெகாவாட் மின்நிலையம் முழுவீச்சில் ஓடினால் என் உத்தேசக் கணக்கில் நாளுக்கு 9 லட்சம் கன மீட்டர் தேவைப்படும். ஆக, பத்து வருடத்துக்குக் காணும். இந்த எண்களில் ஒன்றையும் நாங்கள் ஒற்றை எண்ணாக வைப்பதில்லை. பரப்பு 5-ஆகவும் இருக்கலாம், 25-ஆகவும் இருக்கலாம். குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்றாகச் சொல்வோம். ஒரே எண்ணைச் சொல்லி ‘இவ்வளவு இருக்கிறது’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது பணம். வாயு இருந்தால், குழாய் போட்டு, விலை பார்த்து, வரி கட்டி, கடைசியில் இன்றைய மதிப்பில் 900 கோடி மிஞ்சும் என்று வையுங்கள். வெறுங்கிணறு என்றால் 250 கோடி கடலோடு போச்சு. 19 சதவீதத்தில் 900 கோடி, 171 கோடி. 81 சதவீதத்தில் 250 கோடி, ஏறக்குறைய 203 கோடி. கழித்தால் 32 கோடி நட்டம். இந்தக் கிணறு வேண்டாம். வாய்ப்பு 22-ஐத் தொட்டால் கட்டுப்படியாகும்.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு கணக்கும் போட்டேன். மூடிக்குக் கொடுத்த 0.5-ஐ 0.7 ஆக்குங்கள். வேறெதையும் தொட வேண்டாம். மொத்த வாய்ப்பு 26 ஆகும். கணக்கு 49 கோடி லாபம் காட்டும். கடலுக்கு அடியில் ஒரு கல்கூட நகரவில்லை. தாளில் ஓர் எண் மாறியது, கிணறு போடலாம் என்று ஆகிவிட்டது.

அதை நான் செய்திருக்கிறேன். 2000-களின் நடுவில், இந்தக் கடலில் அல்ல, வேறொரு கடலில். படத்தில் அவ்வளவு அழகான பளிச்சு. மேட்டின் ஓரத்தைப் பிடித்து வரைந்த மாதிரி, எல்லை வைத்து நின்றது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கிழக்குப் பக்கப் பிளவு. அதன் அந்தப் பக்கம் களிமண்ணா மணலா என்று படத்தில் பிடிபடவில்லை. மணல் என்றால் வாயு அந்த வழியாகக் கசிந்திருக்கும். மூடிக்கு 0.5 போட்டேன். ரிக், அதாவது துளையிடும் மேடை, ஏற்கெனவே வாடகைக்கு எடுத்தாயிற்று, நாள் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் என் மேலாளர் சத்தம் போடவில்லை, அதட்டவில்லை. “0.7 போட முடியாதா? யோசித்துப் பாருங்கள்” என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலம் பென்சிலால் எழுதிய 5-ஐ அழித்து 7 போட்டேன். புதிதாக ஒரு தகவலும் எனக்கு வந்திருக்கவில்லை.

கிணறு அந்த ஆழத்தைத் தொட்ட இரவு நான் ரிக்கில்தான் இருந்தேன். துளையிடும் சேறு அடியிலிருந்து பாறைத் துணுக்குகளைத் தூக்கிக்கொண்டு மேலே வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சல்லடையில் விழும் துணுக்கைக் கைப்பிடி அளவு அள்ளிக் கழுவித் தட்டில் வைப்பார்கள். விடிகாலை மூன்று மணிக்குச் சாம்பல் களிமண் மாறி வெள்ளை மணல் வந்தது. வாயு அளக்கும் கருவியின் பேனா அரை சதவீதத்திலிருந்து எட்டுக்கு ஏறியது. கேபினில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். நானும்தான்.

மறுநாள் கருவியை இறக்கி அளந்தோம். வாயு இருந்தால் பாறை மின்சாரத்தை அதிகம் தடுக்கும்; அந்தத் தடை ஏறவில்லை. ஆழத்தோடு அழுத்தம் கூடும் விதம் தண்ணீருக்கு உரிய விதமாகவே இருந்தது. கடைசியாக ஒரு மாதிரி எடுத்து மேலே கொண்டுவந்தார்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் உப்புத் தண்ணீர். மூடியைத் திறந்ததும் சோடாவைப் போல நுரைத்து, அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஒரு காலத்தில் அங்கே வாயு இருந்திருக்கிறது. அந்தப் பிளவு வழியாகக் கசிந்து போய், மிச்சம்தான் அந்த நுரை. நான் அழித்த அந்த 0.5 சொன்னது அதைத்தான். சிமென்ட் ஊற்றி அடைத்துவிட்டு வந்தோம். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 7-க்கு அடியில் அழித்த 5 லேசாகத் தெரியும்.

தம்பி, படிப்பு முடித்து இந்த வேலைக்குப் போனால் கேட்கப்போவது உங்கள் அறிவை அல்ல, அந்த எண்ணை. புதுத் தகவல் வந்தால் மாற்றுங்கள். 20 கோடி செலவில் இன்னொரு நல்ல சர்வே எடுத்தால் பிளவுக்கு அந்தப் பக்கம் தெரியும் என்றால், 250 கோடிக் கிணற்றுக்கு முன்னால் அந்தச் சர்வேயைக் கேளுங்கள். யாரோ கேட்டார்கள் என்பதற்காக மாற்றாதீர்கள்.

கிணற்றில் வாயு வந்தாலும் கணக்கு முடிவதில்லை. கிருஷ்ணா கோதாவரி ஆழ்கடலில் 2009 ஏப்ரலில் டி-6 வயல் உற்பத்தி தொடங்கியபோது நாளுக்கு 8 கோடி கன மீட்டர் என்பது இலக்கு. அடுத்த வருடம் 6 கோடியைத் தாண்டியது. அதற்குப் பிறகு பல வருடம் இறங்குமுகம்தான். ஆயிரக்கணக்கான கோடி போட்டு, பல கிணறுகள் போட்ட பிறகும் மண் தன் கணக்கைத்தான் சொன்னது.

கேள்வி: 2011-ல் இலங்கைப் பக்கம் மன்னார் வளைகுடாவில் கேஸ் கண்டுபிடித்தார்களே. அப்படியென்றால் நம் பக்கமும் கட்டாயம் இருக்கும்தானே? அவர்கள் முந்திக்கொண்டு உறிஞ்சினால் நம்முடையதும் சேர்ந்து போய்விடாதா?
— மளிகைக்கடைக்காரர், தங்கச்சிமடம்

கண்டுபிடித்தது உண்மை. கெய்ர்ன் நிறுவனம் 2011-ல் டொராடோ, பாரகூடா என்று இரண்டு கிணறுகளில் வாயு கண்டது. டொராடோவில் தண்ணீரின் ஆழமே 1,300 மீட்டருக்கு மேல். அதற்கும் கீழே பாறைக்குள் இறங்கி, சுமார் 25 மீட்டர் கனத்தில் வாயு நிற்கும் மணற்கல் கிடைத்தது. அதே வருடம் டொராடோவுக்குப் பக்கத்தில் போட்ட மூன்றாவது கிணற்றில் ஒன்றுமில்லை. 2013-ல் போட்ட நான்காவதும் கைகொடுக்கவில்லை. 2015-ல் நிறுவனம் அந்தப் பகுதியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியது. வாயு இருந்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து எடுத்து, கரைக்குக் குழாய் போட்டு விற்கும் அளவுக்கு இருக்கிறது என்று அவர்கள் கணக்கில் தேறவில்லை. அதற்கும் முந்தி, 1974-ல், மன்னார் தீவில் பேசாலையில் சோவியத் உதவியோடு கிணறு போட்டுப் பார்த்தார்கள். அங்கும் ஒன்றும் அகப்படவில்லை.

நம் பக்கம் கட்டாயம் இருக்குமா என்றால், தாய்ப்பாறை பற்றிய நம்பிக்கை கூடுகிறது, அவ்வளவுதான். மற்ற மூன்று கேள்விகளும் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி. டொராடோவில் வாயு, பக்கத்துக் கிணற்றில் இல்லை என்பதிலேயே அது தெரிகிறதே.

உறிஞ்சுவது பற்றி. ஒரே வளைவு எல்லைக்கோட்டின் இருபுறமும் நீண்டு கிடந்தால் நீங்கள் பயப்படுவது நடக்கும். வாயுவுக்கு எல்லை தெரியாது, அழுத்தம் குறைந்த பக்கம் போகும். தனித்தனி வளைவு என்றால் அவர்கள் எடுப்பது நம்முடையதைத் தொடாது. இதை அன்றே யோசித்திருக்கிறார்கள். கச்சத்தீவு ஒப்பந்தம் என்று நாம் சொல்லும் 1974-ஆம் வருட ஒப்பந்தத்தைக் கச்சத்தீவுக்காகவே எல்லோரும் பேசுகிறோம். அதே ஒப்பந்தத்தில், எண்ணெயோ வாயுவோ உள்ள ஒரே அமைப்பு எல்லையைத் தாண்டிக் கிடந்தால், எப்படி எடுப்பது, வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று இரு நாடுகளும் பேசி உடன்பாடு காண வேண்டும் என ஒரு பிரிவு இருக்கிறது. அது பாக் நீரிணைப் பக்கத்து எல்லைக்கு; மன்னார் வளைகுடா எல்லையை வகுத்த 1976 ஒப்பந்தத்திலும் அதே மாதிரிப் பிரிவு உண்டு. ஆகவே ‘அவர்கள் முந்திவிடுவார்கள்’ என்ற அவசரத்தை ஒரு காரணமாகச் சொல்லி யாரும் கிணறு போடச் சொன்னால், இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

கேள்வி: இவ்வளவு பக்கத்துல காஞ்சிரங்குடியில கேஸ் எடுக்குறாங்க, எங்களுக்கு சிலிண்டர் விலை ஏன் குறையல?
— இல்லத்தரசி, உச்சிப்புளி

அம்மா, இரண்டும் வேறு வேறு. சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும். நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. காஞ்சிரங்குடியில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அதைச் சாதாரண சிலிண்டரில் அடைக்க முடியாது, குழாயில்தான் போகும். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் குழாய் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அது தொழிற்சாலைக்குப் போகிறது. வீட்டுக்குக் குழாய் வந்தால்தான் உங்கள் அடுப்புக்கு அந்த வாயு வரும். விலையும் கிணறு எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்து வைப்பதில்லை. பழைய வயல்களின் வாயுவுக்குக் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசு வைத்திருக்கிறது, உச்சவரம்போடு.

கேள்வி: அய்யா, நாங்க தீவு ஓரத்துல பாசி எடுக்குற பொம்பளைங்க. கடல்ல கிணறு போட்டா தண்ணி கலங்குமா? பாசி செத்துப் போகுமா? எங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கல.
— சின்னப்பாலம், பாம்பன்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்களுக்குத் தண்ணீர் கலங்கினால் என்ன ஆகும் என்று இந்தத் துறையில் இருந்த எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் யாருமில்லை.

மூடி மறைக்காமல் சொல்கிறேன். சர்வேயின் சத்தத்தில் மீன் விலகும். நார்வேக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலில் 1990-களில் அளந்து பார்த்தார்கள். சர்வே நடந்தபோது காட் மீன் பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சர்வே முடிந்து ஐந்து நாள் பார்த்தும் பழைய நிலைக்கு வரவில்லை. கிணறு போடும்போது அடியிலிருந்து வரும் பாறைத் துணுக்கு ஒரு கிணற்றுக்குச் சில நூறு கன மீட்டர் இருக்கும். அதைக் கடலிலேயே கொட்டினால் பக்கத்துத் தரையில் படியும், நுண்ணிய களிமண் நீரோட்டத்தோடு போகும். ஆழ்கடலில் அது பரவிப்போகும். உங்கள் தீவோரத்தில் இரண்டு மூன்று ஆள் ஆழம்தான். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீரோட்டம் ஒரு பக்கம், வாடைக் காலத்தில் மறுபக்கம். எந்தக் காலத்தில் கொட்டினாலும் யாராவது ஒருவரின் பாசியில்தான் வந்து படியும். வெளிச்சம் இல்லாமல் பாசி வளராது, பவளமும் வாழாது.

பெரிய பயம் வெடிப்பு. அடியின் அழுத்தத்தைத் தவறாகக் கணித்தால் வாயு கட்டுமீறி மேலே வரும். ஆந்திராவில் பாசர்லபூடியில் 1995 ஜனவரியில் நிலத்தில் போட்ட கிணறு பற்றி எரிந்து, அணைக்க 65 நாள் ஆனது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் 11 பேர் இறந்தார்கள், 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. கிணற்றுவாயில் பொருத்தும் அடைப்பு இயந்திரம் கைவிட்டதும் அந்த வினைக்கு ஒரு காரணம். வாயுக் கிணறு என்றால் எண்ணெய் மாதிரி கறுப்பாகப் படலம் கட்டாது என்பது உண்மைதான். தீயும் கலங்கலும் அதற்கும் உண்டு.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் கிணறு கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அதற்கு வெளியே, கரையோரம் அடியில் ஏதாவது இருந்தால் கடலில் ரிக்கை நிறுத்தாமல், கரையில் நிறுத்திச் சாய்வாகத் துளைத்துச் சில கிலோமீட்டர் கடலுக்கடியில் போக முடியும். துணுக்கு முழுக்கக் கரையிலேயே வரும். செலவு கூடும். கூடினால் கூடட்டும்.

“யாரும் எதுவும் கேக்கல” என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. 2020 ஜனவரியில் ஆய்வுக் கிணறுகளை பி2 என்ற பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. வாயு கிடைத்து உற்பத்திக்குப் போகும்போதுதான் கூட்டம். நூற்றுக்கணக்கான கோடி இறக்கிய பிறகு கூட்டம் போட்டு ‘வேண்டாம்’ என்ற பதிலை யார் கேட்கப் போகிறார்கள்? சிலாபத்துக்கு முன்னால் மாதிரிச் சிப்பி எடுத்தது மாதிரி, முதல் கிணற்றுக்கு முன்னால்தான் உங்களைக் கேட்க வேண்டும். இது என் உறுதியான கருத்து. காவிரி டெல்டாவுக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, அதில் ராமநாதபுரம் இல்லை. விவசாய நிலத்துக்குக் கிடைத்த அந்தக் காப்பு கடலில் உழைப்பவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் கிணறு போட்டால் யாருக்கும் நட்டமில்லை என்கிறார்கள். சரியா? உள்ளூர் பையன்களுக்கு வேலை கிடைக்குமா?
— தொண்டி

முதல் பாதி தவறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். வல்லமும் நாட்டுப்படகும் அந்தக் காலத்தில்தான் நிம்மதியாகத் தொழில் பார்க்கின்றன. ரிக்கைச் சுற்றி 500 மீட்டருக்குள் படகு போகக் கூடாது. அதைவிடப் பெரிய தொல்லை ரிக்குக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல்கள். இரவில் வலை மேல் ஏறிப் போனால் யாரிடம் போய்க் கேட்பது? ஒரு கிணறு என்றால் இரண்டு மூன்று மாதம் அது நடக்கும்.

வேலை: ரிக்கில் நூறு பேர் இருப்பார்கள், பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பயிற்சி பெற்ற ஆட்கள். ஆய்வுக் கிணற்றில் உள்ளூர்க்காரர்களுக்குச் சமையல், சுமை, காவல் என்று சில மாத வேலை. பிள்ளைகளிடம் அதற்கு மேல் ஆசை காட்டாதீர்கள்.

கேள்வி: சுற்றி வளைக்க வேண்டாம். முடிவெடுக்கும் நாற்காலியில் நீங்கள் இருந்தால் ராமநாதபுரம் கடலில் கிணறு போடுவீர்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கீழக்கரை

தீவுப் பகுதியில் போடமாட்டேன். எவ்வளவு வாயு இருந்தாலும்.

மன்னார் வளைகுடாவின் ஆழ்பகுதியில் இப்போது போடமாட்டேன். அங்கே கிணறு போட ரிக்கை நிறுத்திவைக்கத் தரை எட்டாது, மிதக்கும் கப்பலிலிருந்துதான் துளைக்க வேண்டும். செலவு பல மடங்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் போட்ட நான்கு கிணறுகள் சொன்ன பாடம் நம் கையில் இருக்கிறது. முதலில் பழைய தகவலை எல்லாம் சேர்த்துப் பாறைகளின் பிளவுகளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பாக் விரிகுடாவின் ஆழமில்லாத பகுதியில், கரையோரம், நிலத்தில் ஏற்கெனவே வாயு கிடைத்த அமைப்பு கடலுக்குள் நீண்டு போகிறது என்று படத்தில் தெரிந்தால், அங்கே யோசிப்பேன். தாய்ப்பாறைக்கு நிரூபணம் பக்கத்தில் இருக்கிறது. குழாயும் மின்நிலையமும் ஏற்கெனவே இருப்பதால் சிறிய அளவு கிடைத்தாலும் வீணாகாது. கரையிலிருந்து சாய்வாகத் துளைக்க முடியும். ஆனால் 250 கோடி என்று போட்டேனே, வெறுங்கிணற்றின் விலை, அதில் நாட்டுப்படகுகள் இழக்கும் நாட்களையும் கிழிந்த வலைகளையும் துணுக்கைக் கரைக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்துவிட்டுத்தான் கணக்குப் போடுவேன். சேர்த்த பிறகும் மூடிக்கு நேர்மையாகப் போட்ட எண்ணில் கணக்குத் தேறினால் போடலாம் என்பேன். தேறாவிட்டால் கோப்பை மூடி அலமாரியில் வைப்பேன். வாயு எங்கும் ஓடிவிடாது. கோடிக்கணக்கான வருடம் அங்கே இருந்திருக்கிறது.

நீங்கள் ஆசிரியராக இருந்தவர், உங்கள் பகுதியில் இளைஞர்கள் பேச்சைக் கேட்பார்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பமும் அறிக்கையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அடுத்த முறை நம் கடலுக்கு ஒரு விண்ணப்பம் வந்தால் இரண்டு பேரை உட்காரவைத்து அதைப் படிக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்கும் மிக அருகில் உள்ள பாசித்தரைக்கும் எத்தனை கிலோமீட்டர், துணுக்கை எங்கே கொட்டுகிறார்கள், எந்த மாதங்களில் வேலை என்று மூன்றையும் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். வாய்ப்புக் கணக்கை வணிக ரகசியம் என்று தரமாட்டார்கள், இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். வெறுங்கிணறாகப் போனால் என்ன செய்வோம், எப்படி அடைப்போம் என்று ஒரு பக்கம் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்த இதழில் பெயரில்லாமல் போடுகிறேன்.